பாரிசவாதமும் எமது கடமையும்

1945ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே கிரிமியாவிலுள்ள யால்டா நகரில் மூன்று பெருந் தலைவர்கள் கூடினர். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில், சோவியத் அதிபர் ஸ்டாலின் ஆகிய அம் மூவரும் உலகப் படத்தை முன்னே விரித்து வைத்து நாடுகளின் எல்லைகளை வகுத்தனர். அவர்களது ஒரு சொல்லுக்காகக் கோடிக்கணக்கான மக்கள் காத்திருந்தனர். ஆனால் அம் மூவருக்காகவும் ஒரே நோய் காத்திருந்தது. பாரிசவாதம் என்று நாம் அழைக்கும் அந் நோய் ஒன்பதாண்டுகளுக்குள் மூவரையும் ஒருவர் பின் ஒருவராகத் தாக்கியது.

ரூஸ்வெல்ட் அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் இரத்தக் குழாய் வெடித்து உயிர் நீத்தார். ஓராண்டுக்கு முன்னர், 1944 மார்ச் மாதத்தில், இருதய வைத்தியர் அளந்தபோது அவரது இரத்த அழுத்தம் 186/108 ஆக இருந்தது. வீழ்ந்த அன்று அது 300/190 ஆக ஏறியிருந்தது. உலகின் மிகப் பெரிய செல்வ நாட்டின் தலைவராயிருந்தும் அவ்வழுத்தத்தைத் தணிக்கத்தக்க நல்ல மருந்து அவருக்குக் கிட்டவில்லை. அத்தகைய மருந்து அன்று எவரிடமும் இருக்கவில்லை.

ஸ்டாலின் 1953 மார்ச் 1ஆம் நாள் இரவு தமது மாளிகையின் தரையில் வீழ்ந்து கிடக்கக் காணப்பட்டார். அழைப்பின்றி அவரது அறைக்குள் நுழையக் காவலர் அஞ்சினர். வைத்தியரை வரவழைக்க அதிகாரிகள் தயங்கினர். மறுநாட் காலையிலேயே வைத்தியர்கள் வந்து சேர்ந்தனர். 5ஆம் நாள் அவர் இறந்தார். எல்லோரையும் அஞ்ச வைத்த மனிதர், அந்த அச்சத்தினாலேயே பல மணித்தியாலம் உதவியின்றிக் கிடந்தார்.

சேர்ச்சிலை அதே ஆண்டு யூன் 23ஆம் நாள், இத்தாலியப் பிரதமருக்கு அளித்த விருந்தின் முடிவில் நோய் தாக்கியது. பேச்சுக் குழறிற்று, ஒரு பக்கம் சோர்ந்தது. ஆயினும் ஓய்வும் இடைவிடாத பராமரிப்பும் பெற்று, ஒக்டோபர் மாதம் தமது கட்சி மாநாட்டில் எழுந்து நின்று நெடுநேரம் உரையாற்றினார்.

இம் மூவரது கதையிலும் மூன்று பாடங்கள் உள. முதலாமவர் தடுப்பு இன்றி மாண்டார். இரண்டாமவருக்கு உதவி காலத்தில் வந்து சேரவில்லை. மூன்றாமவர் பராமரிப்பினால் மீண்டார். தடுத்தல், விரைந்து சிகிச்சை செய்தல், மீட்டெடுத்தல் என்னும் இம் மூன்றையும் பற்றியே நாம் இவ்வாரம் எமது மக்களிடம் பேச விரும்புகின்றோம். அரசியற் பத்திரிகைக்கு நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சில வாசகர்கள் வினவலாம். ரூஸ்வெல்ட்டுக்குக் கிட்டாத மாத்திரை இன்று எமது கிராமத்து வைத்தியசாலையின் அலுமாரியில் இருக்க வேண்டிய மாத்திரையாகும். அது அங்கே இருக்கின்றதா, இருந்தால் அது வேண்டியவனின் கைக்குப் போய்ச் சேருகின்றதா, சேர்ந்தால் அவன் அதைத் தொடர்ந்து உட்கொள்கின்றானா என்பவை ஆட்சியையும் மொழியையும் மக்களின் விழிப்பையும் பற்றிய வினாக்கள். இவற்றிலும் மேலான அரசியல் வேறென்ன உண்டு?

பெயரிலே உள்ள பிழை

'பாரிசம்' என்றால் பக்கம். 'வாதம்' என்றால் வாயு. உடலின் ஒரு பக்கத்தில் வாயு கொண்டது என்பதே இந் நோய்க்கு எமது முன்னோர் இட்ட பெயரின் பொருள். அக்காலத்து அறிவுக்கு அது பொருந்தியது. ஆனால் இன்று அப் பெயரே எம்மை வழிதவறச் செய்கின்றது. கை விழுந்தால் கையைப் பார்க்கின்றோம். கால் விழுந்தால் காலுக்கு எண்ணெய் பூசுகின்றோம். குளிர்ந்த நீரிலே தோய்ந்ததனால் வந்தது என்கின்றோம். குற்றம் கையிலும் இல்லை, காலிலும் இல்லை, மூளையிலே உள்ளது.

கமக்காரருக்கு இதை விளக்கப் பெரிய நூல் வேண்டியதில்லை. வெங்காயத் தோட்டத்துக்குக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கின்றோம். வாய்க்கால் அடைபட்டால் அதற்கு அப்பாலுள்ள பாத்தி காய்ந்து போகின்றது. பழைய குழாயில் இயந்திரத்தின் விசை மிகுந்தால் குழாய் வெடித்து நீர் வேண்டாத இடத்தில் பாய்கின்றது. மூளைக்கும் இவ்விரண்டே நேர்கின்றன. இரத்தக் குழாய் கட்டியினால் அடைபடுதல் ஒன்று. வெடித்துக் கசிதல் மற்றொன்று. அடைப்பினால் வருவதே மிகுதி. எவ்வகையாயினும் நீர் கிட்டாத பயிர்போல மூளையின் கலங்கள் மடிகின்றன. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று 2006ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். காய்ந்த பாத்தியிலே மறு போகத்துக்கு நாற்று நடலாம். மூளைக்கு மறு போகம் இல்லை.

விசையைத் தணிப்போம்

இந் நோய் விதியினால் வருவதென்று எண்ணுவோர் எம்மிடையே பலர். 32 நாடுகளிலே நடத்தப்பட்டு 2016ஆம் ஆண்டு வெளியான பேராய்வு ஒன்று இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. மாற்றத்தக்க பத்துக் காரணங்களே இந் நோய்க்கான ஆபத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குப் பொறுப்பு என்று அது காட்டிற்று. உயர் இரத்த அழுத்தம், புகைத்தல், நீரிழிவு, உடலுழைப்பின்மை, தகாத உணவு, இடைப் பருமன், இரத்தக் கொழுப்பு, மது, மனக் கவலை, இருதய நோய் என்பவை அப் பத்து. அவற்றுள்ளும் உயர் இரத்த அழுத்தம் மட்டுமே ஏறத்தாழப் பாதிக்குக் காரணம். ஆகவே படையின் பெரும் பகுதியை எந்த வாயிலிலே நிறுத்த வேண்டும் என்பதில் ஐயமில்லை.

இவ்வெதிரியின் கொடுமை யாதெனில், இது நோவைத் தருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் வயது வந்தோரில் மூவருள் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. அவர்களிற் பாதிப் பேருக்கு அது தெரியாது. ஐவருள் நால்வர் போதிய சிகிச்சை பெறவில்லை. 'எனக்குத் தலை சுற்றவில்லை. பிறகு எனக்கென்ன பிறஷர்?' என்று கேட்கும் மனிதரை எல்லா ஊரிலும் காணலாம். தலை சுற்றும் வரை காத்திருப்பவர் சுற்றும் நாளிலே வீழ்ந்து விடுகின்றார். அளந்து பார்த்தாலன்றி இவ்வழுத்தத்தை அறிய வழியில்லை.

அறிந்த பின்னரோ வேறு துன்பம் தொடங்குகின்றது. மாதந்தோறும் கிளினிக் நாளில் விடியுமுன் எழுந்து, பஸ் ஏறி, பெரிய வைத்தியசாலையின் வாங்கிலே நண்பகல்வரை காத்திருந்து, இரண்டு நிமிடம் வைத்தியரைக் கண்டு, மருந்துக்காக மறுபடியும் வரிசையில் நிற்கும் கமக்காரன் ஒரு நாட் கூலியை இழக்கின்றான். இரண்டு மாதம் அவ்வாறு சென்றவன் மூன்றாம் மாதம் செல்வதில்லை. 'உடம்பு சுகமாகத்தானே இருக்கிறது' என்று மாத்திரையை நிறுத்தி விடுகின்றான். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எரிபொருளும் மருந்தும் ஒருங்கே அருகிப் போனபோது இந்தக் கண்ணி எவ்வளவு எளிதில் அறும் என்பதை நாடே கண்டது. இரத்த அழுத்த மருந்து காய்ச்சல் மருந்து போன்றதன்று. அது வரம்பு கட்டுவது போன்றது. மழை இல்லாத நாளில் வரம்பை வெட்டி விடுபவன் மழை நாளில் அழுவான்.

இதற்குப் பரிகாரம் மேல்நாட்டிலிருந்துதான் வர வேண்டுமென்பதில்லை. இந்த இலங்கைத் தீவிலேயே நடந்த இரு ஆய்வுகளை எமது படித்தவர்கள் ஊரறியச் செய்ய வேண்டும். ஒன்று 2018ஆம் ஆண்டு வெளியானது. மூன்று மருந்துகளைச் சிறு அளவிற் சேர்த்து ஒரே மாத்திரையாக்கி, இந் நாட்டு நோயாளர் 700 பேரிடையே, வழமையான சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். ஆறு மாதத்தின் பின் வழமையான சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 55 பேரே உரிய அளவை எட்டினர். ஒரே மாத்திரை உண்டோரில் நூற்றுக்கு 70 பேர் எட்டினர். மற்றொன்று 2020ஆம் ஆண்டு வெளியானது. வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாட்டுக் கிராமங்களிலே, 2,645 பேரிடையே, பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர் வீடு தேடிச் சென்று அழுத்தத்தை அளந்து, அறிவுரை கூறி, வேண்டியோரை வைத்தியரிடம் அனுப்பினர். இரண்டு ஆண்டுகளில் அக் கிராமத்தவரின் அழுத்தம் ஏனைய கிராமத்தவரினதிலும் சராசரி 5 அலகு மேலதிகமாகக் குறைந்தது. ஐந்து அலகு அற்பமென்று எண்ண வேண்டாம். மேல் அழுத்தம் 10 அலகு குறைந்தால் பாரிசவாதம் கால் பங்குக்கு மேல் குறைகின்றது என்பது பல்லாயிரம் நோயாளரைக் கொண்ட ஆய்வுகளின் திரட்டு முடிவு.

இனி உப்பின் கதையைச் சொல்வோம். 2025ஆம் ஆண்டு ஆனையிறவிலே மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது அவ்வுப்புக்கு இட்ட சிங்களப் பெயரை எமது மக்கள் எதிர்த்தனர். எமது மண்ணில் விளைந்த உப்பு எமது ஊரின் பெயரோடு வர வேண்டும் என்று கேட்டது நியாயமே. ஆனால் அவ்வுப்பு எமது சட்டிக்குள் எவ்வளவு விழ வேண்டும் என்பதைப் பற்றி எவரும் ஒரு சொல் பேசவில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டமே போதும் என்கின்றது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய், கடையிற் பொதி செய்து விற்கும் பண்டங்கள் ஆகியவற்றோடு உண்ணும் எமது சோற்றிலே அது எத்தனை மடங்காகின்றது என்பதை வீட்டுக்கு வீடு கணக்கிட்டுப் பார்க்கட்டும். சீனாவின் 600 கிராமங்களிலே, பாரிசவாதம் முன்னர் கண்டவர்களும் அழுத்தமுள்ள முதியவர்களுமாக ஏறத்தாழ 21,000 பேரிடையே நடந்து 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், சாதாரண உப்பின் ஒரு பங்கை பொற்றாசியம் கலந்த உப்பாக மாற்றியதனால் மட்டுமே பாரிசவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. சிறுநீரக நோயுள்ளோர் வைத்தியரைக் கேளாது அவ்வுப்பை உண்ணலாகாது. ஆயினும் அடுப்படியில் நிகழும் சிறு மாற்றமும் உயிர் காக்கும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமோ?

புகையிலையைப் பற்றியும் மௌனமாயிருக்க எம்மால் இயலாது. யாழ்ப்பாணத்துப் புகையிலை பல தலைமுறைக் குடும்பங்களைப் படிப்பித்தது. வீடு கட்டித் தந்தது. அதைப் பயிரிடுவோரை நாம் இகழவில்லை. மாற்றுப் பயிருக்கு விலையும் சந்தையும் அமைத்துக் கொடாமல் அவர்களுக்கு உபதேசம் செய்வதும் முறையன்று. ஆனால் புகைப்பவனின் இரத்தக் குழாய்க்குப் புகையிலை எந்த மண்ணில் விளைந்தது என்பது தெரியாது. வாயிலே சுருட்டோடு வரம்பில் நிற்பவனும், சிகரட்டோடு கந்தோரில் இருப்பவனும் ஒரே ஆபத்துக்கு ஆளாகின்றனர்.

நாலரை மணித்தியாலம்

தடுப்பையும் மீறி நோய் வருமாயின் அதன் பின் எல்லாம் காலத்தின் கையிலே. அடைப்பைக் கரைக்கும் மருந்தொன்று 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை முதலில் மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றனர். நாலரை மணித்தியாலம்வரை பயன் உண்டென்று 2008ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. ஆனால் குழாய் வெடித்திருந்தால் அதே மருந்து நஞ்சாகி விடும். ஆகவே சி.ரி. ஸ்கான் படம் எடுத்துப் பார்த்த பின்னரே அதனைக் கொடுக்கலாம். கட்டியைக் குழாய் வழியாகச் சென்று இழுத்தெடுக்கும் முறையும் 2015ஆம் ஆண்டு ஆய்வுகளின் பின் உலகிற் பரவியுள்ளது.

இதிலிருந்து கிராமத்தவர் அறிய வேண்டியது யாது? முகம், கை, பேச்சு என்னும் மூன்று சொற்கள் போதும். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகின்றதா? இரு கைகளையும் உயர்த்தச் சொன்னால் ஒன்று தாழ்கின்றதா? ஒரு வசனம் சொல்லச் சொன்னால் நாக்குக் குழறுகின்றதா? மூன்றில் ஒன்று காணப்படினும் அக்கணமே புறப்பட வேண்டும். கட்டணமின்றி வரும் 1990 அம்புலன்ஸ் வண்டி 2018ஆம் ஆண்டு யூலை மாதம் வடக்குக்கும் வந்தது. அதனை அழைக்க வேண்டும். நோயாளி கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொண்டு செல்ல வேண்டும். வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி அதுவே.

செய்யத் தகாதவை சிலவும் உண்டு. சோடாவோ கோப்பியோ கஞ்சியோ பருக்கக் கூடாது. விழுங்கும் ஆற்றலும் குன்றியிருக்குமாதலால் அது நுரையீரலுக்குள் இறங்கி விடும். அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. வெடிப்பா அடைப்பா என்பது எவருக்கும் இன்னும் தெரியாது. அழுத்தத்தைக் குறைக்கலாமென்று வீட்டிலிருக்கும் மாத்திரையை நாவின்கீழ் வைக்கவும் கூடாது. எண்ணெய் பூசிப் பார்த்து, பார்வை பார்த்து, மறுநாள் விடியட்டும் என்று இருத்தலோ எல்லாவற்றிலும் கொடிது. எமது சித்த வைத்தியத்தின் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. முதல் நாலரை மணித்தியாலம் அதற்குரிய காலமன்று என்பதையே சொல்கின்றோம். ஸ்டாலினின் காவலர் அச்சத்தினாலே காலத்தை இழந்தனர். நாம் அறியாமையினாலே இழக்கின்றோம்.

வேறொரு வகையும் உண்டு. கை மரத்துப் பேச்சுத் தடுமாறிக் கால் மணித்தியாலத்தில் எல்லாம் சரியாகி விடும். 'கடவுள் காப்பாற்றினார்' என்று வீட்டார் ஆறுதலடைவர். காப்பாற்றப்பட்டதல்ல, எச்சரிக்கை கிடைத்தது. அடுத்து வரும் நாட்களே மிகவும் அபாயமானவை. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பகுதியில் குடும்ப வைத்தியர்களோடு இணைந்து நடந்து 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இத்தகையோருக்கு உடனேயே சிகிச்சை தொடங்கியபோது மூன்று மாதத்துள் மறுபடி நோய் தாக்குவது நூற்றுக்குப் பத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. பெரிய இயந்திரத்தாலன்று; காலந் தாழ்த்தாமையினாலேயே இவ்வெற்றி கிடைத்தது.

நெடுந்தீவை நினைத்துப் பார்ப்போம். அங்கிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகிலே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அங்கிருந்து பாலமும் தரையும் கடந்து யாழ்ப்பாணம் வர வேண்டும். இரவிலே நோய் கண்டால், கடல் கொந்தளித்தால், படகுக்காரர் உறங்கினால் நாலரை மணித்தியாலம் எங்கே போகும்? வன்னியின் உட்கிராமங்களுக்கும் இதே கேள்வி உண்டு. இவர்கள் எந்த வைத்தியசாலைக்குப் போக வேண்டும், அங்கே படம் எடுக்கும் இயந்திரம் இரவிலும் இயங்குமா, வழியில் எங்கே நிற்காமற் செல்ல வேண்டும் என்பதை நோய் வந்த பின் தேடுவதா, முன்கூட்டியே வகுத்து வைப்பதா?

மீண்டு எழுதல்

உயிர் தப்பியதோடு கதை முடிவதில்லை. குடும்பத்தின் கதை அங்கேதான் தொடங்குகின்றது. தோட்டத்தை இறைத்தவன் கட்டிலிற் கிடக்கின்றான். காணி குத்தகைக்குப் போகின்றது. மகன் படிப்பை நிறுத்துகின்றான். மனைவி தன் நோயை மறந்து அவனைத் தூக்கித் தூக்கி இடுப்பு முறிகின்றாள். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, முதிய தாயொருத்தி முதிய தந்தையைப் பார்க்கும் வீடுகள் எமது ஊர்களில் எத்தனை!

வைத்தியசாலையிலே இந் நோயாளருக்கென ஒரு தனி விடுதியும், பயிற்சி பெற்ற தாதியரும், உடற்பயிற்சி அளிப்போரும் கூடிச் செயற்படும் ஏற்பாடும் இருந்தால் இறப்போரும் முடமாவோரும் குறைவர் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்ட உண்மை. காய்ச்சலைக் கவனித்தல், இரத்தத்தில் சீனியைக் கவனித்தல், விழுங்க முடிகின்றதா என்று சோதித்த பின்னரே உணவு கொடுத்தல் என்னும் மூன்று காரியங்களைத் தாதியர் ஒழுங்காகச் செய்ததனால் மட்டுமே அவுஸ்திரேலியாவில் 19 விடுதிகளில் பெரும் பயன் கண்டனர் என்பது 2011ஆம் ஆண்டுச் செய்தி. இதற்குக் கோடிகள் வேண்டியதில்லை; ஒழுங்கும் ஆளணியும் வேண்டும்.

வீடு திரும்பிய பின்? முதல் மூன்று மாதமே மீட்சி மிக விரைவாக நிகழும் காலம். அக்காலத்தில் பயிற்சி கிடையாதவன் பின்னர் வருந்திப் பயனில்லை. 'வீட்டாரே பழக்கட்டும்' என்று சொல்வோருக்கு இந்தியாவிலே 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளரிடையே நடந்து 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வு விடை தந்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்கள் கையில் ஒப்படைத்ததனால் நோயாளர் மேலதிகமாக மீளவில்லை. அன்பு குறைந்ததனால் அன்று. அன்பு மட்டும் தொழிற்றிறமைக்கு ஈடாகாததனால். ஆகவே குடும்பத்தின் தலையிற் சுமையை ஏற்றி விட்டு அரசாங்கம் ஒதுங்குவதற்கு நியாயமில்லை. மனச் சோர்வையும் மறந்து விடலாகாது. இந் நோய் கண்டோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கடுஞ் சோர்வுக்கு ஆளாகின்றனர். 'பிடிவாதம்' என்று வீட்டார் சினப்பது பலவேளை நோயின் ஒரு கூறே.

இங்கேதான் மொழியின் வினா எழுகின்றது. மூளையின் இடப்பக்கம் தாக்குண்ட பலர் பேச்சை இழக்கின்றனர். மனத்திலே எண்ணம் உண்டு; சொல் வருவதில்லை. தன் பிள்ளையின் பெயரைச் சொல்ல முடியாது தவிக்கும் மனிதனுக்குச் சொல்லை மீட்டுக் கொடுக்கும் தொழிலை அவனது தாய்மொழி அறியாதவர் செய்தல் இயலுமா? கந்தோரிலே வேற்று மொழியிற் படிவம் வந்தால் மொழிபெயர்ப்பாளரைத் தேடலாம். மூளைக்குள் அறுந்த தமிழை மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு முடிய முடியாது. தமிழிற் பேச்சுப் பயிற்சி அளிக்கத்தக்கவர்கள் எமது மாகாணங்களில் எத்தனை பேர், எந்த வைத்தியசாலைகளில், எத்தனை நாட்களுக்கு என்று எமது பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் ஒரு முறையேனும் கேட்க வேண்டாமா?

1847ஆம் ஆண்டு இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். நோயாளி விளங்கிக்கொள்ளாத வைத்தியம் அரை வைத்தியமே என்பதை அவ்வந்நியர் உணர்ந்திருந்தார். இன்றோ எமது கிராமத்தவர் கையிலிருக்கும் கிளினிக் கொப்பியில் வைத்தியர் எழுதுவது ஆங்கிலம். தன் இரத்த அழுத்தம் எவ்வளவு, எவ்வளவுக்குக் குறைய வேண்டும், எந்த மாத்திரை எதற்கு என்பதை அக் கொப்பியை ஆண்டுக் கணக்காகச் சுமப்பவர் அறியார். தமிழ் வைத்தியர் தமிழ் நோயாளிக்குத் தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுப்பதை எந்தச் சட்டம் தடுக்கின்றது? இக்குற்றத்தைக் கொழும்பின்மேற் சுமத்த எம்மால் இயலாது.

நாம் வேண்டுவன

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் பயனாகக் கிராமத்து வைத்தியசாலைகள் மாகாணத்தின் கையிலும், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கையிலும் உள்ளன. நோயாளியோ ஒருவனே. இரு கைகளுக்கும் நடுவில் அவன் நழுவி விழாதிருக்க நாம் பின்வருவனவற்றை வற்புறுத்துகின்றோம்.

முதலாவது, எந்தக் காரணத்துக்காகவேனும் கிராமத்து வைத்தியசாலைக்கு வரும் நடு வயதினர் ஒவ்வொருவரது அழுத்தமும் நாடியும் பார்க்கப்பட வேண்டும். நாடி ஒழுங்கின்றித் துடித்தல் இருதயத்திலிருந்து கட்டி மூளைக்குச் செல்லும் அபாயத்தின் அறிகுறி. அடங்கிய நோயாளருக்குப் பெரிய வைத்தியசாலைக்கு அலையாமல் தம் ஊரிலேயே, தோட்ட வேலைக்கு இடையூறில்லாத வேளையில், இரண்டு மூன்று மாதத்துக்கான மருந்து கிடைக்க வேண்டும்.

இரண்டாவது, பாரிசவாத நோயாளியை எந்த ஊரிலிருந்து எங்கே கொண்டு செல்வது என்ற வழிப்படம் தமிழில் அச்சிடப்பட்டுக் கோயில், பாடசாலை, கூட்டுறவுக் கடை எங்கும் தொங்க வேண்டும். தீவுகளுக்கு இரவுப் படகு ஒழுங்கு செய்யப்பட வேண்டும்.

மூன்றாவது, உடற்பயிற்சி அளிப்பவர் வாரத்தில் குறித்த நாளில் கிராமத்து வைத்தியசாலைக்கு வர வேண்டும். தமிழ் பேசும் பேச்சுப் பயிற்சியாளர் நியமிக்கப்பட வேண்டும். ஆளில்லையேல் எமது பிள்ளைகளைத் தெரிந்து பயிற்ற வேண்டும்.

அரசாங்கம் இவற்றைச் செய்யும்வரை எமது கைகள் கட்டப்பட்டிருக்கவில்லை. ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் உண்டு. அங்கே பத்திரிகை வாசிக்கும் மேசையில் அழுத்தம் அளக்கும் கருவியொன்றை வைத்து, அதை முறையாகக் கையாள இரு இளைஞரைப் பழக்குவதற்கு எந்த அமைச்சரின் கையொப்பமும் வேண்டியதில்லை. உரத்துக்காகக் கமநல சேவை நிலையத்திலே கமக்காரர் கூடும் நாளில் ஓய்வு பெற்ற தாதியொருவர் ஒரு மணித்தியாலம் அங்கே அமரலாம். வெளிநாடுகளிலுள்ள எமது உறவினர், பிறந்த ஊருக்கு எதைச் செய்வோம் என்று கேட்கும்போது, வளைவும் மண்டபமும் மட்டுமன்றி இதனையும் அவர்களுக்குச் சொல்லலாம். படித்தவர்கள் ஒன்று செய்யட்டும்: இவ்வாரமே தம் பெற்றோரது அழுத்தத்தை அளந்து, அந்த இலக்கத்தைத் தமிழில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும், தமது அழுத்தத்தையும் மறக்காமல் அளக்கட்டும்.

யால்டாவிலே உலகைப் பங்கிட்டவர்களுக்குக் கிட்டாத பாதுகாப்பு இன்று ஒரு சிறு மாத்திரையிலும், ஒரு கைக் கருவியிலும், காலந் தவறாமையிலும் இருக்கின்றது. அதைப் பெற்றுக் கொடாத அரசாங்கத்தை நாம் கேள்வி கேட்போம். அருகிலிருந்தும் எடுத்துக் கொள்ளாத எம்மையும் நாம் கேள்வி கேட்போம். உரிமை கேட்டு உயர்த்தும் கை, இரண்டும் ஒருங்கே உயர வேண்டும். ஒரு கை தாழ்ந்தால் அதன் பொருள் என்னவென்பதை இப்போது வாசகர் அறிவர்.